பச்சைச் சொல், சிவப்புச் சொல்

போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது "எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க வாட்டர்மார்க் என்று ஒன்று இருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும் போல இருக்கிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை அடுத்த இதழில். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரும் போடவில்லை.

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு மாணவியின் அசைன்மென்டை ஒரு சோதனைத் தளத்தில் போட்டேன். பெரும்பகுதி ஏஐ எழுதியது என்று சிவப்பாகக் காட்டியது. அந்தப் பெண் அழுகிறாள், நானே எழுதினேன் என்கிறாள். தளம் வாட்டர்மார்க்கைப் பார்த்துத்தானே சொல்கிறது, அது எப்படிப் பொய்யாகும்? (பேராசிரியை, திருநெல்வேலி)

இல்லை மேடம், அந்தத் தளம் வாட்டர்மார்க் எதையும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அது செய்வது ஊகம். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று சுலபமாக யூகிக்க முடிகிறதா, வாக்கியங்கள் ஒரே சீராக ஓடுகின்றனவா என்று பார்த்து, "எந்திரம் எழுதினால் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு மார்க் போடுகிறது. ஜாடையைப் பார்த்து, இவன் இன்னார் மகனாகத்தான் இருப்பான் என்று டீக்கடையில் சொல்வது போல. சில சமயம் சரியாகவும் இருக்கும்.

யார் மாட்டுவார்கள் என்று யோசியுங்கள். ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தவள், தெரிந்த சொற்களை வைத்துத் தப்பில்லாமல், அடக்கமாக எழுதுகிறவள், அவள்தான் மாட்டுவாள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு சோதனைக் கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று கருவிகள் சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றை மட்டும் ஏறக்குறைய சரியாகவே மனிதர் எழுதியது என்று அடையாளம் கண்டன. இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அதே 91 கட்டுரைகளையும் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, ஆங்கிலேயர் எழுதுவது போலச் சொற்களை மெருகேற்றித் தா என்று கேட்டு வாங்கி மறுபடி போட்டபோது, அந்த 61 சதவீதம் 12க்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது சொந்தமாக எழுதினால் திருடி, எந்திரத்திடம் கொடுத்துத் திருத்தினால் உத்தமி.

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி கடைசியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களே கொடுத்த கணக்கு இது: ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தப்பாகச் சொன்னது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலையில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். செய்தவனுக்கே தன் சரக்கு தெரியவில்லை என்றால் வழியில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"தப்பு ஒரு சதவீதம்தானே" என்று சில கம்பெனிகள் சொல்லும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்த ஒரு சதவீதத்தைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தது. ஒரு வருடத்தில் அங்கே டர்னிட்டின் என்ற சோதனைக் கருவி வழியாகப் போனவை 75,000 தாள்கள், அதில் ஒரு சதவீதம் என்றால் 750 தாள்கள். 2023 ஆகஸ்டில் அந்த ஏஐ சோதனையை அங்கே அணைத்துவிட்டார்கள்.

நான் இருபது வருடத்துக்கு முன் இதே பத்திரிகையில் எழுதிய ஒரு துண்டை (அப்போது எந்திரத்துக்குத் தமிழில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது) இப்படிப்பட்ட ஒரு தளத்தில் போட்டேன். பாதி நான், பாதி எந்திரம் என்று வந்தது. எந்தப் பாதி என்று வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது.

அந்தச் சிவப்பை மட்டும் வைத்து அந்தப் பெண்ணின் மார்க்கைக் குறைக்காதீர்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டாவது பத்தியில் என்ன சொல்ல வந்தாய் என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் வாட்டர்மார்க் என்பதுதான் என்ன? ரூபாய் நோட்டில் காந்தி தெரிவாரே, அது போலவா? வெறும் எழுத்தில் எதை ஒளித்து வைக்க முடியும்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

நோட்டு எண்ணியவர் கேட்டிருக்கிறீர்கள், நன்றாகவே புரியும். நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி தெரிவது, காகிதத்தின் கனம் அந்த இடத்தில் மாறுவதால். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டிலேயே காகிதத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். எழுத்தில் கனம் கிடையாது, ஆனால் தேர்வு உண்டு. "நேற்று மழை பெய்தது" என்பதற்குப் பிறகு "அதனால்" என்றும் போடலாம், "ஆகவே" என்றும் போடலாம், இரண்டும் இல்லாமல் அடுத்த வாக்கியத்துக்கே போகலாம். இந்தச் சின்னச் சின்னத் தேர்வுகளில்தான் காந்தியை ஒளித்து வைக்கிறார்கள்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஒரே மூச்சில் எழுதுவதில்லை. டோக்கன் டோக்கனாக எழுதுகின்றன. ரேஷன் கடை டோக்கன் இல்லை, ஒரு சொல் அல்லது சொல்லின் ஒரு துண்டு. ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரக்கூடிய ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கும் ஒரு வாய்ப்புக் கணக்குப் போட்டு, கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி ஒன்றை எடுக்கின்றன. அந்தக் குலுக்கலில் கை வைப்பதுதான் வித்தை.

2023 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜான் கிர்ச்சன்பாவர், டாம் கோல்ட்ஸ்டீன் குழுவினர் எழுதிய முறை புரிந்துகொள்ளச் சுலபமானது. கடைசியாக எழுதிய டோக்கனை வைத்து ஒரு ரகசியக் கணக்குப் போட்டு, அகராதியில் இருக்கிற எல்லாத் துண்டுகளையும் பச்சை, சிவப்பு என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். பச்சைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் சலுகை மார்க். அடுத்த இடத்தில் திரும்பவும் புதுப் பிரிவினை, அங்கே வேறு சொற்கள் பச்சையாக இருக்கும். படிக்கிற நமக்கு எதுவும் தெரியாது. பிரித்த சாவி கையில் இருப்பவர் மட்டும் எழுத்தை எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் வந்தது பச்சையா சிவப்பா என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்கு அந்த ஏஐ மாடல்கூடத் தேவையில்லை.

இரண்டு கூட்டமும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மனிதர் எழுதிய 200 டோக்கனில் சுமார் 100 பச்சையாக இருக்கும், காசு சுண்டிப் போட்டால் பாதி தலை விழுவது போல. ஏழு எட்டு கூடலாம், குறையலாம். 140 பச்சை வந்தால்? அது தற்செயலாக நடக்க வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை. மேலே சொன்ன ஜாடை பார்க்கிற கருவிக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம்: இங்கே தப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டே சொல்லலாம். அதே விகிதத்தில் 20 டோக்கனில் 14 பச்சை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 தடவை காசு சுண்டினால் 14 அல்லது அதற்கு மேல் தலை விழுவது 17 முயற்சிக்கு ஒரு முறை தானாகவே நடக்கும். அதனால் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு வரியை வைத்து யாரையும் பிடிக்க முடியாது, பக்கக் கணக்கில் எழுத்து வேண்டும்.

கேள்வி: குலுக்கலில் கை வைத்தால் எழுத்தின் தரம் கெடாதா? (மென்பொருள் பொறியாளர், கோவை)

கெடலாம். சலுகை மார்க்கைக் கூட்டினால் கண்டுபிடிப்பது சுலபம், ஆனால் நடை கோணும். குறைத்தால் நடை நன்றாக இருக்கும், வாட்டர்மார்க் குறி மங்கும். இதற்கு வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன். 2022இல் ஓப்பன்ஏஐயில் தற்காலிகமாகச் சேர்ந்து, சாட்ஜிபிடி வெளியாவதற்கு முன்பே நவம்பரில் ஒரு உரையில் தன் முறையைச் சொன்னார். வாய்ப்புக் கணக்கில் கை வைக்காமல், குலுக்குகிற கையை மட்டும் மாற்றுவது. உண்மையான தற்செயலுக்குப் பதில், சாவி தெரிந்தவருக்கு மட்டும் தெரிகிற பொய்த் தற்செயல். மொத்தத்தில் எந்தச் சொல்லின் வாய்ப்பும் கூடாது, குறையாது.

கூகுளின் டீப்மைண்ட் செய்த சிந்த்ஐடி என்கிற வாட்டர்மார்க் இதற்கு உறவுக்காரன் மாதிரி. மாடலே தன் வாய்ப்புக் கணக்குப்படி பல டோக்கன்களை எடுத்துக் களத்தில் விடும், அவை நாக்-அவுட் பந்தயம் போல இரண்டிரண்டாக மோதும், ஒவ்வொரு சுற்றிலும் சாவி கொடுக்கிற புள்ளி யாருக்கு அதிகமோ அவர் மேலே போவார், கோப்பையை வென்ற டோக்கன் எழுத்தில் வரும். களத்தில் இறங்கியவர்கள் எல்லாருமே மாடலுக்குப் பிடித்தவர்கள்தான் என்பதால் ஜெயிப்பவரால் நடை கெடுவதில்லை. 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஜெமினியில் சுமார் 2 கோடிப் பதில்களில், குறி வைத்ததும் வைக்காததுமாக உண்மையான பயனர்களுக்கே கொடுத்து, அவர்கள் கட்டைவிரல் மேலே காட்டினார்களா கீழே காட்டினார்களா என்று பார்த்தார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. நிரலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியே விட்டுவிட்டார்கள்.

கேள்வி: நாலு சொல்லை மாற்றிவிட்டால் குறி போய்விடாதா? (கல்லூரி மாணவன், "காரணம் கேட்காதீர்கள் சார்")

கேட்கவில்லை தம்பி.

நாலு சொல்லை மாற்றினால் போகாது. ஒரு டோக்கனை மாற்றினால் அதுவும் அதற்கு அடுத்து வருகிற ஒன்றிரண்டும்தான் கலையும், மற்றவை அப்படியே பச்சையாக நிற்கும். 140 பச்சை 125 ஆனாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முழுசையும் இன்னொரு எந்திரத்திடம் கொடுத்து உன் பாணியில் திருப்பி எழுது என்றால் பெரும்பாலும் குறி கரைந்துவிடும். வேறு மொழியில் எழுதச் சொல்லி மொழிபெயர்த்தாலும் அதே கதை. இதைவிடக் குறும்பான ஒன்றை ஓப்பன்ஏஐயே ஒப்புக்கொண்டிருக்கிறது: ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஏதாவது ஒரு குறியைப் போட்டு எழுதச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் குறிகளை மொத்தமாக அழித்துவிடுவது. எந்திரம் பார்த்த 'முந்தின டோக்கன்' வேறு, சோதிப்பவர் பார்க்கிற 'முந்தின டோக்கன்' வேறு என்று ஆகிவிடுவதால் பச்சை சிவப்புக் கணக்கு முழுக்கக் குழம்பிவிடும்.

ஹார்வர்டில் போவாஸ் பராக் உள்ளிட்டவர்கள் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போய், எழுத்தின் தரத்தைக் கெடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போக முடிகிற வரை, எவ்வளவு பலமான குறியையும் நீக்க முடியும் என்று கணித முறையில் வாதிட்டார்கள். முனைந்து நிற்கிறவனைப் பிடிக்க இது உதவாது. அப்படியே காப்பி அடித்து ஒட்டுகிற சோம்பேறியைப் பிடிக்கும். உலகத்தில் சோம்பேறிகள்தான் அதிகம் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை போகவில்லை.

கேள்வி: நாங்கள் தமிழில்தான் எழுதுகிறோம், தமிழில்தான் ஏஐயிடம் கேட்கிறோம். தமிழ் எழுத்தில் இந்தக் குறி நிற்குமா? (பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்)

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை கடிதங்களையும் ஆவலாகப் பிரித்தேன்.

குறி நிற்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் எந்திரத்துக்குத் தேர்வு இருக்க வேண்டும். "திருக்குறளின் முதல் குறளைச் சொல்" என்று கேட்டால் 'ஆதி'க்கு அடுத்து 'பகவன்'தான் வர வேண்டும். 'பகவன்' சிவப்புக் கூட்டத்தில் இருக்கிறது என்று வேறு சொல்லைப் போட்டால் நம்மவர்கள் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே குறி வைக்கவே இடமில்லை. வாய்ப்பாடு, சட்டப் பிரிவு, கணினி நிரல் இதற்கெல்லாம் இதே கஷ்டம்தான், கதை, கட்டுரை, காதல் கடிதம் என்று போனால் தாராளமாக இடம் இருக்கும்.

தமிழுக்கு இதற்கு மேல் ஒரு தனிச் சிக்கல். 'தமிழ்' என்று நாம் மூன்று எழுத்தாக எண்ணுவதை, கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற பொது முறையான யூனிகோட் ஐந்தாக எண்ணும்: த, ம, இகர மேல்விலங்கு, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் கணினியில் மூன்று பைட் (கணினி சேமிக்கிற சின்ன அலகு), ஆக மொத்தம் 15 பைட். இந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே வகைதான். பழைய மாடல்கள் தமிழைத் துண்டு துண்டாக, சில சமயம் ஒரு எழுத்தையே உடைத்து டோக்கனாக்கின. அப்போது பாதி டோக்கன்களில் எந்திரத்துக்குத் தேர்வே கிடையாது, இது வந்தால் அடுத்து அதுதான் என்று ஆகிவிடும். குறி வைத்தாலும் வெற்றிடத்தில் ஆணி அடித்த மாதிரி. டோக்கன் எண்ணிக்கை ஏகத்துக்கு இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது.

இது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, ஒரே ஒரு சிறிய வணக்கச் செய்திக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன் ஆனது, இப்போது 35தான் என்று ஓப்பன்ஏஐ கணக்குக் காட்டியது (ஆங்கிலத்தில் அதே செய்திக்கு 24). துண்டுகள் பெரிதாகின்றன, ஒவ்வொரு துண்டிலும் தேர்வு கூடுகிறது. கொள்கை அளவில் இனி தமிழிலும் குறி நிற்கலாம்.

நிற்பதைக் கலைப்பதும் தமிழில் சுலபம் என்பது என் எண்ணம். வாக்கியத்தில் சொற்களை முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாத மொழி நம்முடையது. "நேற்று நான் அவனைக் கடையில் பார்த்தேன்" என்பதை "அவனை நேற்றுக் கடையில் பார்த்தேன்" என்று மாற்றினால் வல்லினம் மிகும் இடங்கள்கூட மாறிவிடுகின்றன, டோக்கன்கள் கலைந்துவிடும். புணர்ச்சி விதி தெரிந்த ஒரு நல்ல பிழைதிருத்துநர் தன் வேலையைச் செய்தாலே கணிசமான குறி போய்விடும், பாவம், அவருக்கே தெரியாமல்.

நடைமுறையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அதைத் தமிழாக்குகிறார்கள். ஒரு மொழியில் வைத்த குறி இன்னொரு மொழிக்கு மாறும்போது பிழைக்காது என்று 2024இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது.

கேள்வி: ஏஐ எழுத்தைக் காப்பி செய்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் கூடவே வருகின்றன, அதுதான் வாட்டர்மார்க் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என் சொந்தக் கட்டுரையைச் சோதித்தால் அதிலேயே நாலு இடத்தில் அது இருக்கிறது! (இல்லத்தரசி, மதுரை)

அந்த நாலு இடத்தில் 'க்‌ஷ' இருக்கிறதா பாருங்கள் அம்மா. ககரப் புள்ளியும் ஷகரமும் ஒட்டிக்கொண்டு கூட்டெழுத்தாகிவிடாமல் தனித்தனியாக நிற்க, சில தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் நடுவில் ஒரு அகலமில்லாத எழுத்தைச் செருகும். லக்‌ஷ்மியும் ரிக்‌ஷாவும் உங்களை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்தை ஒளித்து வைப்பது பழைய தந்திரம்தான், ஆனால் ஒரு நிமிடத்தில் தேடி அழித்துவிடலாம், அதனால் நம்பத் தக்கதில்லை. சிந்த்ஐடி போன்றவற்றில் இப்படி எதுவுமே கிடையாது, எழுத்தைக் கையால் நோட்டில் எழுதி மறுபடி தட்டச்சு செய்தாலும் குறி அப்படியே இருக்கும்.

இந்தப் பழைய தந்திரத்தில் எனக்குப் பிடித்தது ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளத்தின் கதை. தங்கள் வரிகளைக் கூகுள் எடுத்துப் போடுகிறது என்று சந்தேகம். ஆங்கிலத்தில் 'டோன்ட்' என்று எழுதும்போது நடுவில் மேலே போடுகிற குறி இருக்கிறதே, அதை நேராகவும் போடலாம், வளைத்தும் போடலாம். பாட்டில் வருகிற அந்தக் குறிகளை நேர், வளைவு என்று ஒரு வரிசையில் வைத்தார்கள். வரிசையை மோர்ஸ் தந்தி மொழியில் படித்தால் 'ரெட் ஹேண்டட்' என்று வரும், அதாவது கையும் களவுமாக. 2019இல் கூகுளில் அதே வளைவுகளோடு வரிகள் இருப்பதைக் காட்டினார்கள். வரிகளைத் தாங்கள் எடுக்கவில்லை, உரிமம் பெற்று வாங்கித்தான் போடுகிறோம் என்றது கூகுள். வழக்குப் போட்டும் ஜீனியஸ் ஜெயிக்கவில்லை, பாட்டின் உரிமை அவர்களுடையது இல்லையே. குறி வேலை செய்தது, சட்டம் கைகொடுக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு தெரிந்தும் சாட்ஜிபிடிக்காரர்கள் ஏன் குறி வைக்காமல் இருக்கிறார்கள்? (வழக்கறிஞர், சேலம்)

பூனைக்கு யார் முதலில் மணி கட்டுவது என்பதுதான். 2024 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது: ஓப்பன்ஏஐயிடம் 99.9 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிற குறி தயாராக இருக்கிறது, வெளியிடலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக உள்ளுக்குள் வாதம் நடக்கிறது என்று. உலக அளவில் மக்களைக் கேட்டபோது கண்டுபிடிக்கிற கருவி வேண்டும் என்றவர்கள் நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதிகம். ஆனால் சாட்ஜிபிடி பயன்படுத்துகிறவர்களையே கேட்டபோது, குறி வைத்து, போட்டிக் கம்பெனி வைக்காவிட்டால், நாங்கள் குறைத்துக்கொள்வோம் என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் சொன்னார்களாம். அந்த மூன்றில் ஒன்றில் மேலே கடிதம் எழுதிய தம்பியும் இருக்கலாம்.

நிறுவனம் வெளியே சொன்ன காரணங்களில் ஒன்று, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுத்தைத் திருத்த ஏஐயை நாடுகிறார்கள், குறி அவர்கள் மேல் களங்கமாக விழும் என்பது. காரணம் உண்மைதான், சொல்கிறவர் யார் என்பதுதான் உறுத்துகிறது. குறி இல்லாததால் ஜாடை பார்க்கிற கருவிகள் அதே மக்களைத்தானே இப்போது அடிக்கின்றன? முதல் கடிதத்தில் அழுகிற பெண்ணுக்கு எது பாதுகாப்பு, சொல்லுங்கள்.

எல்லாப் பெரிய கம்பெனியும் நாளைக்கே வைத்தாலும் ஓட்டை ஒன்று மிச்சம். மெட்டா வெளியிட்ட லாமா போன்ற ஏஐ மாடல்களை யாரும் இறக்கித் தன் கணினியிலேயே ஓட்டலாம். குறி வைக்கிற பகுதியை நிரலிலிருந்து நீக்கிவிட்டால் முடிந்தது. அதனால் சோதனையில் குறி தெரிந்தால் எந்திரம் எழுதியது என்று தைரியமாகச் சொல்லலாம். குறி தெரியவில்லை என்றால் ஒன்றுமே சொல்ல முடியாது. இரண்டாவதை யாரும் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

கேள்வி: என் எதிரி நான் எழுதியது போலவே ஒன்றை எழுதி, அதில் ஏஐ குறியையும் வைத்து என்னை மாட்டிவிட முடியுமா? (எழுத்தாளர், சென்னை)

முதலில் சொன்ன "தைரியமாக" என்பதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். சூரிக்கில் இருக்கிற ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல், குறி வைக்கிற ஒரு மாடலிடம் ஏராளமான கேள்வி கேட்டுப் பதில்களை வாங்கி, பச்சைப் பட்டியலைச் சுமாராக ஊகித்து, 50 டாலருக்கும் குறைவான செலவில் பொய்க் குறி வைத்துக் காட்டினார்கள், பத்துக்கு எட்டு தடவைக்கு மேல் பலித்தது. கள்ள நோட்டிலும் காந்தி இருப்பார் என்பது போல. உங்கள் எதிரி அவ்வளவு மெனக்கெடுவாரா என்பது அவர் உங்களை எவ்வளவு மதிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: சட்டம் எதுவும் இல்லையா? (வாசகர், புதுச்சேரி)

சீனா முந்திக்கொண்டது. 2025 செப்டம்பர் 1 முதல் ஏஐ ஆக்கியவற்றில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளமும் கோப்புக்குள் மறைந்த அடையாளமும் வேண்டும், எழுத்துக்கும் சேர்த்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 50ஆவது பிரிவு, படம், ஒலி, எழுத்து எதுவானாலும் எந்திரம் படிக்கிற மாதிரி குறி வேண்டும் என்கிறது, சட்டம் இயற்றும்போது அதற்கு வைத்த நாள் 2026 ஆகஸ்ட் 2. கலிஃபோர்னியா 2024இல் போட்ட சட்டம் படத்தையும் ஒலியையும் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டது. இந்தியாவில் 2025 அக்டோபரில் வந்த வரைவு விதி, படத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு அடையாளம் போடச் சொன்னது. நடிகையின் முகத்தை மாற்றிப் போட்டால்தான் ஊர் அலறுகிறது, எழுத்தைப் பற்றி யாருக்குக் கவலை.

கேள்வி: "இதை நீயா எழுதினாய்?" என்று சாட்ஜிபிடியையே கேட்டுவிட்டால்? (தலைமை ஆசிரியர், தருமபுரி)

தயவுசெய்து வேண்டாம் ஐயா. 2023 மே மாதம் டெக்சாஸில் ஒரு பேராசிரியர் இப்படியே மாணவர்களின் கட்டுரைகளை ஒட்டி ஒட்டிக் கேட்டார். அதற்கு எழுதியது யாரென்று தெரியாது, ஆனால் பதில் சொல்லாமல் இருக்கவும் தெரியாது, ஆமாம் ஆமாம் என்றது. பட்டமளிப்பு நேரத்தில் வகுப்பே அல்லாடியது.

கேள்வி: நான்தான் எழுதினேன் என்று நிரூபிக்க நான் என்ன செய்ய? குறி எந்திரத்துக்குத்தானே, எனக்கு ஏது குறி? (மாணவி, ஊர் போடவில்லை)

முதல் கடிதத்துக்குரிய பெண் நீங்கள்தானோ என்று ஒரு சந்தேகம், இருந்தாலும் கேட்க மாட்டேன்.

கூகுள் டாக்ஸில் எழுதினால் பழைய பதிவுகள் தானாகவே சேரும். எந்த நாள், எந்த நேரம் எந்த வரியை அடித்தீர்கள், எதை அழித்தீர்கள் என்று காட்டும். ஒரே நொடியில் மூன்று பக்கம் வந்து விழுந்திருந்தால் அதுவும் தெரியும். கையால் குறிப்பெடுப்பவர் என்றால் அந்த நோட்டை வைத்திருங்கள், அடித்தல் திருத்தலோடு. வாங்கிப் படித்த புத்தகத்தின் நூலகச் சீட்டுகூட உதவும். பிறகு துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், சோதனைத் தளத்தின் முடிவை ஏற்கவில்லை, வாய்மொழித் தேர்வு வைத்துக் கேளுங்கள் என்று இரண்டே வரி. கையால் எழுதுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.